புது ரீஃப் தொட்டியில் பாசி: எண்ணைக் குறைக்கும் முன் பாறையைப் பாருங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர் மீன்தொட்டி), உலர் பாறையோடு தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, நான்கைந்து மென்பவளங்கள். முதல் மாதம் மணல் பழுப்பாகி, பிறகு தானாகத் தெளிந்தது. இப்போது பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி, மணலில் ஒரு மூலையில் சிவப்புப் படலம். நைட்ரேட் 20 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம்), பாஸ்பேட் 0.25 பிபிஎம். ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகள்), கார்பன் டோசிங், மூன்று நாள் இருட்டடிப்பு மூன்றையும் ஒன்றாக ஆரம்பித்து இரண்டு எண்களையும் பூஜ்யத்துக்கு இறக்கிவிடலாமா, இல்லை எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதா? புதுப் பவளம் வாங்கலாமா?

கலைக்க வேண்டாம். அதே பாறையைக் கழுவிக் காயவைத்து மறுபடி வைத்தால், இன்னொரு மூன்று மாதம் கழித்து இதே இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். பூஜ்யமும் வேண்டாம். இப்போது இருப்பதைவிட அது மோசமான இடம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பாசி ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம். எல்லோரும் உடனே டெஸ்ட் கிட்டைத்தான் எடுப்பார்கள். நான் பாறையைப் பார்ப்பேன். உலர் பாறை என்பது வெறும் கால்சியம் கார்பனேட். பல வருடம் ஓடிய தொட்டியின் பாறையில் ஊதா நிறக் கோரலைன் பாசி, கடற்பஞ்சு, குழாய்ப்புழு, கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாப் படலம் என்று ஒவ்வொரு அங்குலத்திலும் யாராவது குடியிருப்பார்கள். உங்கள் பாறையில் ஒருவரும் இல்லை. தரிசு நிலத்தில் களை முளைப்பது மாதிரிதான், வெளிச்சமும் ஈரமும் உள்ள காலி இடத்தை யார் வேகமாக வளர்கிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதலில் தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்கேட்டைத் தின்று டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசி வரும். அது தீர்ந்ததும் பச்சைப் பாசி. ஊடே சயனோ என்ற சிவப்புப் படலம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடுதலாக இருந்தால் இந்த ஊர்வலம் தடபுடலாக நடக்கும், குறைவாக இருந்தால் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உலர் பாறையில் தொடங்கிய தொட்டி முதல் ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட, இப்படித்தான் இருக்கும்.

இதில் மேய்கிற உயிர்களுக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கடலே காட்டியிருக்கிறது. 1983–84இல் கரீபியன் கடலில் டயடெமா என்ற நீண்ட முள் கடல்முள்ளெலி ஒரு நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தது. பாசி தின்னும் மீன்களை அதற்கு முன்பே மனிதர்கள் பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் வந்த ஆலன் சூறாவளி வேறு பவளங்களை நொறுக்கியிருந்தது. ஜமைக்காவில் 1970களின் கடைசியில் அடித்தளத்தில் 50 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. அந்த இடத்தை எடுத்துக்கொண்டது பாசி. நில உரம் கடலில் கலந்ததும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் மேய்கிற வாய்கள் போனதுதான் பெரிய அடி. உங்கள் தொட்டியில் எத்தனை நத்தை இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதற்காக இன்றே நத்தைகளைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்த முடிப்பாசியை நத்தை அநேகமாகத் தொடாது. குட்டையாக, இளசாக இருப்பதைத்தான் சுரண்டித் தின்னும். எனவே முதல் வேலை உங்கள் கையுடையது. தண்ணீர் மாற்றும் நாளில் பம்புகளை நிறுத்துங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் நிரப்பி, வெளியே எடுக்க முடிந்த பாறைகளை ஒவ்வொன்றாக அதில் முக்கி, கெட்டியான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். மேலோட்டமாக இழுத்தால் நுனி மட்டும்தான் வரும். பாசி பாறையின் துளைக்குள் கால் ஊன்றியிருக்கும். பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றினால் வேரோடு பிய்ந்துவரும். இரண்டு பாறை தேய்ப்பதற்குள் வாளித் தண்ணீர் கீரை அரைத்த நிறத்துக்கு வந்துவிடும். அந்தப் பச்சை முழுக்க உங்கள் தொட்டியின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான். அதை வெளியே ஊற்றும்போது எந்த மருந்தும் செய்யாத வேலை நடந்துவிடுகிறது. எடுக்க முடியாத பாறை என்றால் ஒரு கையில் பிரஷ், மறு கையில் சைஃபன் குழாய். தேய்க்கத் தேய்க்கக் குழாய் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். துணுக்குகளை மிதக்க விட்டால் அடுத்த பாறையில் போய் ஒட்டிக்கொள்ளும். முடித்ததும் தண்ணீர் வழிந்து வெளியேறும் ஓவர்ஃப்ளோவில் புதுப் பஞ்சு வைத்து, மறுநாள் எடுத்து எறிந்துவிடுங்கள்.

பிடிவாதமாக ஒட்டியிருக்கும் இடங்களில், பாறை தண்ணீருக்கு வெளியே இருக்கும்போதே 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரிரு நிமிடம் கழித்து அலசி உள்ளே வைக்கலாம். சில நாளில் அந்த இடம் வெளுத்துவிடும். பவளத்தின் மேல் படக்கூடாது. க்ளீனர் இறால், பெப்பர்மின்ட் இறால் வகைகளுக்கு இது ஆகாது, அதனால் நேரடியாகத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

ஒட்டக் கத்தரித்த பிறகு நத்தைகள். 200 லிட்டருக்கு ஐந்தாறு ட்ரோக்கஸ், ஒன்றிரண்டு டர்போ போதும். பாறையின் இண்டு இடுக்குகளுக்கு நாலைந்து செரித். மணலுக்கு நசாரியஸ் போடலாம், ஆனால் அது பாசி தின்பதற்கல்ல, மிச்சம் மீதி உணவைத் தின்பதற்கு. ஆஸ்ட்ரியாவும் நன்றாக மேயும். தலைகீழாக விழுந்தால் தானாகத் திரும்பத் தெரியாது என்பதுதான் சிக்கல். மணலில் மல்லாந்து கிடந்தே செத்து அம்மோனியாவாகிவிடும். ட்ரோக்கஸ் தானே புரண்டு எழுந்துவிடும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். நத்தைகளுக்கு உப்பளவு மாற்றம் ஒத்துக்கொள்ளாது, ஒரு மணி நேரமாவது எடுத்துச் சொட்டு முறையில் பழக்கி விடுங்கள். மறுநாள் காலை கண்ணாடியைப் பாருங்கள்: பாசிப் படலத்தில் வளைந்து வளைந்து, சீப்பால் வாரியதுபோல் மெல்லிய சுரண்டல் தடம் இருந்தால் அவை வேலை பார்க்கின்றன. டக்சிடோ கடல்முள்ளெலி ஒன்று நத்தைக் கூட்டத்துக்குச் சமம். ஆனால் ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளை முதுகில் சுமந்துகொண்டு ஊர்வலம் போகும், கோரலைனையும் தின்னும். டேங் மீன், ஃபாக்ஸ்ஃபேஸ் எல்லாம் இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம். பாசி போன பிறகும் அந்த மீன் இருக்கும் அல்லவா?

அடுத்தது, உள்ளே வருவதை அடைக்க வேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது ஆவியான தண்ணீருக்கு ஈடு ஊற்றுகிற தண்ணீரில். ஆவியாவது வெறும் தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருந்தது எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். தினம் 3 லிட்டர் ஆவியாகிறது, அதற்கு 10 பிபிஎம் நைட்ரேட் உள்ள தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் 30 மில்லிகிராம் உள்ளே போகிறது. 200 லிட்டரில் அது 0.15 பிபிஎம், மாதத்துக்கு 4.5 பிபிஎம். மீனுக்கு ஒரு துளி உணவு போடாமலே இது ஏறும். ஆகவே உப்பு கலப்பதற்கும் ஈடு ஊற்றுவதற்கும் ஆர்ஓ-டிஐ தண்ணீர்தான் (ஆர்ஓ வடிகட்டியும் டிஐ ரெசினும் தாண்டி வந்த தூய தண்ணீர்), கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். 3, 4 என்று காட்டத் தொடங்கினால் டிஐ ரெசின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரெசின் தீரும்போது முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்கேட்டும் ஒன்று. தெளிந்த மணல் மறுபடி பழுப்பாகிறது என்றால் முதல் சந்தேகம் ரெசின் மேல் போக வேண்டும்.

உணவு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சின்ன மீன்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போடுங்கள். பட்டினி போட வேண்டாம். பவளத்துக்கு என்று விற்கும் பொடிகளையும் அமினோ புட்டிகளையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். உறைந்த உணவை அலசிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்பார்கள். அலசுவதில் தப்பில்லை, ஆனால் பாஸ்பேட்டின் பெரும்பகுதி உணவின் சதைக்குள்தான் இருக்கிறது. கழுவிய தண்ணீரோடு போய்விடுவது சொற்பம். ஃபில்டர் பையை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுவது அதைவிடப் பலன் தரும். வாரக்கணக்கில் விட்டால் பிடித்த கழிவு பைக்குள்ளேயே அழுகித் திரும்பத் தண்ணீரில் கரையும். ஸ்கிம்மர் கழிவை உடையும் முன்பே வெளியேற்றுவதற்கான கருவி. ஏற்கெனவே நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டதை அது பிடிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சரி, இப்போது அந்த மூன்று மருத்துவத்துக்கு வருவோம். கார்பன் டோசிங் என்றால் வினிகர், வோட்கா அல்லது கடையில் வாங்கும் திரவம் எதையாவது ஊற்றி பாக்டீரியாவைப் பெருக்குவது. பாக்டீரியா வளர நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரஸும் வேண்டும். கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு தந்த கணக்கை எடுத்துக்கொண்டால், கடல் மிதவையுயிர்களின் உடலில் 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணு. எடைக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 பிபிஎம் நைட்ரேட்டுக்கு 1 பிபிஎம் பாஸ்பேட். பாக்டீரியா துல்லியமாக இதே விகிதத்தில் எடுப்பதில்லை, ஆனாலும் ஒரு தோராயத்துக்கு உதவும். உங்களிடம் இருப்பது 0.25 பாஸ்பேட். இந்தக் கணக்குப்படி நைட்ரேட் 20இலிருந்து 17.5 வரை இறங்குவதற்குள் பாஸ்பேட் காலியாகிவிடும். அதற்கு மேல் ஜிஎஃப்ஓவும் ஓடினால் இன்னும் சீக்கிரம். அதாவது ஒரு பக்கம் நைட்ரேட் அப்படியே நிற்க, மறுபக்கம் பாஸ்பேட் பூஜ்யம். (சிலர் இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டுத் தொட்டியையே 16:1க்குக் கொண்டுவர முயல்கிறார்கள். அது உயிரின் உடல் அமைப்புக் கணக்கு. தண்ணீருக்கான இலக்கு அல்ல.)

பாஸ்பேட் பூஜ்யமானால் பவளம் வெளுக்கும், ஏனென்றால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கும் அதே உணவுதான் வேண்டும். அதைவிடப் பெரிய வினை, முடிப்பாசி பட்டினியில் பின்வாங்கிய காலி இடத்துக்கு டைனோ வரும். டைனோ என்பது டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்; ஊட்டம் எதுவும் இல்லாத தண்ணீரிலும் அதற்குப் பிழைக்கத் தெரியும். பழுப்பு நிறச் சளி நூல்கள், நூல் நுனியில் காற்றுக் குமிழி. இரவில் மறைந்ததுபோல் இருந்து, விளக்கு எரிந்து சில மணி நேரத்தில் திரும்ப வரும். சில வகைகள் நஞ்சுள்ளவை, அதைத் தின்ற நத்தைகள் வரிசையாகச் சாகும். டயட்டமா டைனோவா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சத்தை ஒரு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி ஒன்றுகூடிக் கட்டியானால் டைனோ. அதற்கு வைத்தியம் நேர் எதிர்: உணவைக் கூட்டி, தேவைப்பட்டால் நைட்ரேட், பாஸ்பேட்டைப் புட்டியிலிருந்து ஊற்றி எண்களை மேலே ஏற்ற வேண்டும். முடிப்பாசியை ஒழிக்கக் கிளம்பி, நைட்ரேட்டையே விலைக்கு வாங்கி ஊற்றும் நிலைக்கு வந்தவர்கள் நிறைய.

எனவே இலக்கு: நைட்ரேட் 5 முதல் 10 வரை, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை. இறங்குவது வாரக்கணக்கில் நடக்கட்டும். நைட்ரேட்டுக்கு வாரம் 40 லிட்டர் தண்ணீர் மாற்றினாலே போதும்: 20, பிறகு 16, 12.8, 10.2, நாலாவது வாரம் 8 சொச்சம். இடையில் மீன் உணவால் கொஞ்சம் ஏறும் என்பதால் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்பேட் இப்படிக் கணக்குக்குக் கட்டுப்படாது. கால்சியம் கார்பனேட் பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் ஒட்டிவைத்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால் பாறையும் மணலும் தம்மிடம் இருப்பதை வெளியே விடும். 40 லிட்டர் மாற்றிய அன்று 0.20 காட்டும், மூன்று நாளில் மறுபடி 0.24. கிட் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பீர்கள். கிட் சரியாகத்தான் இருக்கும். இதற்கு ஜிஎஃப்ஓ சரியான பொருள், வேகம்தான் பிரச்சினை. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கோடு தொடங்குங்கள். முதல் இரண்டு நாளில் ஒருமுறை, அப்புறம் வாரம் இருமுறை அளந்து பாருங்கள். வாரத்துக்கு 0.03, 0.04 இறங்கினால் நல்ல வேகம். இரண்டே நாளில் 0.1 இறங்கினால் பாதியை எடுத்துவிடுங்கள். கூடவே ஆல்கலினிட்டியை (தண்ணீரின் காரத்தன்மை; டிகேஹெச் என்ற அலகில் அளப்பது) 7.5 முதல் 8.5 டிகேஹெச் வரை நிலையாக வையுங்கள். ஊட்டம் குறையும்போது ஆல்கலினிட்டி உயரத்தில் இருந்தால் கல்பவளங்களின் நுனி கருகும். சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் ஜிஎஃப்ஓவுக்கு முன்பே நான் அதில் கீட்டோ என்ற பச்சைக் கடற்பாசியை வளர்க்கத்தான் சொல்வேன். கீட்டோவுக்கு மேல் ஒரு விளக்கு, பிரதான விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில் எரியட்டும். கடற்பாசிகளின் உடலில் நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் சராசரியாக 30:1 அளவில் இருக்கும் என்பதால், உங்கள் மாதிரி நைட்ரேட் தூக்கலாக உள்ள தொட்டிக்கு அது பொருத்தம். மாதம் ஒருமுறை பாதியைக் கிள்ளி வெளியே எறிய மறக்காதீர்கள்; வெளியே போனால்தான் கணக்கு.

அளவு பற்றி ஒரு எச்சரிக்கை. சில கருவிகள் பாஸ்பரஸை பிபிபியில் (நூறு கோடியில் ஒரு பங்கு) காட்டும், அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் வரும். சில நைட்ரேட் கிட்கள் நைட்ரேட்-நைட்ரஜனைக் காட்டும், அதை 4.43ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 20 எந்த வகை 20 என்று கிட்டின் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம், பாசி மண்டிய தொட்டியில் எண் பூஜ்யம் காட்டினால் ஊட்டம் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. வந்ததையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது, கிட் பார்ப்பது அது தின்றுவிட்ட மிச்சத்தை மட்டும்.

மூன்று நாள் இருட்டடிப்பு முடிப்பாசிக்குப் பெரிய பயன் தராது. பாறைத் துளைக்குள் இருக்கும் பகுதி பிழைத்து, விளக்கு வந்ததும் துளிர்க்கும். மேலே செத்தது தண்ணீரிலேயே கரையும். அதைவிட, இப்போதிருக்கும் மென்பவளங்களுக்கு எட்டு மணி நேர வெளிச்சம் தாராளம். வெள்ளை, சிவப்பு எல்.இ.டிகளைக் குறைத்து நீலத்தில் ஓட்டுங்கள்.

மூலையில் இருக்கும் சிவப்புப் படலம் சயனோபாக்டீரியா. பாசியே அல்ல, நத்தை அநேகமாகச் சீண்டாது. ஓரத்தில் சைஃபன் குழாயை வைத்தால் ஈரத் துணி போல ஒரே தகடாகச் சுருண்டு வரும்; அடியில் மணல் வெள்ளையாகத் தெரியும். உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டம் படும்படி பவர்ஹெட் பம்பைத் திருப்புங்கள். ஒரு மூலையில் மட்டும் வருகிறது என்றாலே அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். சயனோவைக் கொல்லும் பொடிகள் வேலை செய்யும்தான், ஆனால் ஆக்சிஜன் சரியும், செத்த படலம் உரமாகும். மணல் முழுக்கப் பரவி, இரண்டு மாதம் உறிஞ்சியும் அடங்காவிட்டால் மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் ஏர் பம்ப் ஓடியாக வேண்டும்.

தேய்த்தும் மேய்த்தும் எட்டு வாரத்தில் அசையாத பாசி என்றால் அது முடிப்பாசிதானா என்று பாருங்கள். ஒரு இழையைக் கிள்ளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, லென்ஸ் வைத்துப் பாருங்கள். நடுத்தண்டின் இரு பக்கமும் இறகுபோல் கிளை இருந்தால் அது பிரையாப்சிஸ் என்ற வேறு பாசி. அதை எந்த நத்தையும் அநேகமாகத் தின்னாது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் (பூஞ்சைக்கொல்லி மருந்து) என்பது அதற்குப் பரவலாகக் கையாளப்படும் அளவு. வடிகட்டியில் கரித்துகள் (ஆக்டிவேட்டட் கார்பன்) இருந்தால் எடுத்துவிட்டுப் போட வேண்டும். சாதாரண முடிப்பாசிக்காக அதைக் கையில் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று செய்தால் காலம் நிஜமாகவே குறையும்: நன்றாக ஓடும் பழைய தொட்டி உள்ள யாரிடமாவது ஊதாப் படிந்த பாறைத் துண்டு ஒன்றும், ஒரு கப் மணலும் கேட்டு வாங்கிப் போடுங்கள். கோரலைனும், கோபிபாடு என்ற நுண்ணிய ஓட்டுயிர்களும் அதிலிருந்து பரவும். ஐப்டேசியா (தொட்டியில் தொல்லையாகப் பரவும் சிறு கடல்சாமந்தி) ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

புதுப் பவளம் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜோயாந்திட், காளான் பவளம், லெதர் வகைகள் இப்போதே வரலாம். இந்த எண்களில் அவை நன்றாகவே இருக்கும், காலி இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அவற்றை ஒட்டப் போகும் இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குப் பாறையைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் பாசி அடிப்பாகத்தில் ஏறி அவற்றைத் திறக்க விடாது. நிலையான தண்ணீர் கேட்கும் கல்பவளமான அக்ரோபோரா மட்டும் வேண்டாம். பம்பிலும் பின் கண்ணாடியிலும் ஊதாப் புள்ளிகள் தாமாக வந்து, நீங்கள் எதுவும் ஊற்றாமல் விட்டால் ஆல்கலினிட்டி வாரா வாரம் இறங்குகிறது என்று கிட் காட்டட்டும். அப்போது ஒரே ஒரு துண்டு வைத்துப் பாருங்கள்.